ஒர்க்‌ஷீட்டை நிரப்புகிறார்கள், நாலு வரி எழுதச் சொன்னால் முழிக்கிறார்கள்

கரிசல் டீச்சர் எழுதியது:

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 4, 5 வகுப்புகளை ஹெச்.எம். எடுக்கிறார். 1, 2, 3 மூன்றும் ஒரே அறையில், என்னிடம். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து உட்கார வைத்துத்தான் பாடம். அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. என் சந்தேகம் மலர் நிலையில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி.

இவர்கள் வாசித்துவிடுகிறார்கள். பயிற்சி நூலில் கோடிட்ட இடம், பொருத்துக, சரியா தவறா எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துவிடுகிறார்கள். மேலே ஐந்து சொல், கீழே ஐந்து கோடு என்று இருந்தால் நான்கை எழுதிவிட்டு, மிச்சம் கிடக்கும் சொல்லை ஐந்தாவதில் போட்டுவிட்டு, வாக்கியத்தைப் படிக்காமலே நோட்டை நீட்டும் ஆட்களும் உண்டு. இது சரிப்படாது என்று நெட்டில் தேடி, கதை வரைபடம் என்று ஒன்றைத் தமிழாக்கி ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். நடுவில் வட்டம், அதில் கதையின் பெயர். சுற்றி நான்கு கட்டம்: கதாபாத்திரங்கள், இடம், சிக்கல், தீர்வு.

தெனாலிராமன் பூனை வளர்த்த கதையைச் சொல்லிவிட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எலித் தொல்லைக்காகக் கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தருகிறார். தெனாலிராமன் முதல் நாளே பாலைக் கொதிக்கக் கொதிக்க வைக்கிறான். அன்றிலிருந்து பூனை பாலைக் கண்டாலே ஓடுகிறது. ஒரு பெண்பிள்ளை நிரப்பியது இது:

கதாபாத்திரங்கள்: தெனாலிராமன், அரசர், பூனை
இடம்: அரண்மனை, வீடு
சிக்கல்: எலி, பால்
தீர்வு: சூடு

தப்பு போட மனசு வரவில்லை. இதை வைத்துக் கதையை எழுதும்மா என்றேன். எழுதியது: “தெனாலிராமன் அரசர் பூனை. அரண்மனை வீடு. பூனை பால் சூடு. பூனை ஓடியது.”

இதே பிள்ளை மத்தியானம் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு ரெண்டாம் வகுப்புப் பையன்களுக்கு அந்தக் கதையைச் சொல்கிறாள்: “வாய வச்சதும் சுள்ளுனு சுட்டுருச்சு. அதுல இருந்து பாலப் பாத்தாலே ஒரே ஓட்டம்.” கையில் கிண்ணம் பிடிப்பதுபோல நடிப்பு வேறு. வாயில் இருக்கும் கதை தாளில் ஏன் வரவில்லை? கட்டம் போட்ட தாள் இந்த வயசுக்கு ஆகாதா, அல்லது நான் வேறு மாதிரித் தாள் தேட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டாம் கிளாஸ் அப்பா எழுதியது:

நான் டீச்சர் இல்லை, பையனைப் பெற்றவன். கோயம்புத்தூரில் ஒரு மெட்ரிக் பள்ளி. வெள்ளிக்கிழமையானால் ஒர்க்‌ஷீட் கட்டாக வருகிறது. போன வாரம் தமிழ் ஒர்க்‌ஷீட் என்று ஒன்று: மயில் படத்துக்குக் கலர் அடிக்கணும், கீழே ‘மயில்’ என்று புள்ளி எழுத்தின் மேல் எழுதணும். அவ்வளவுதான். பையன் அரை மணி நேரம் தோகைக்குக் கலர் அடித்தான். மூன்று எழுத்து எழுத அரை நிமிஷம். ஃபைலைப் பார்த்தால் பள்ளிக்கூடம் ஏகப்பட்டது சொல்லிக் கொடுத்த மாதிரிதான் இருக்கிறது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கதைப் புத்தகம் கொடுங்கள் டீச்சர் என்பது என் கட்சி.

பழைய வாத்தியார் எழுதியது:

டீச்சர், அந்தப் பிள்ளை எழுதினத இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. அது எழுதத் தெரியாத பிள்ளை எழுதினது இல்லை. உங்க தாள்ல என்ன இருந்துச்சோ அதை ஒண்ணு விடாம எழுதியிருக்கு. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை.

நான் தென்காசிப் பக்கம் நடுநிலைப் பள்ளியில இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தோணுறதச் சொல்றேன்.

உங்க கட்டத்துல தலைப்பு எல்லாமே பெயர்ச்சொல். இடம், சிக்கல், தீர்வு. பெயர்ச்சொல்லப் போட்டுக் கேட்டா பெயர்ச்சொல்தான் விழும்: பால், வீடு, சூடு. இந்தத் தாள் இங்கிலீஷ்காரன் அவன் பிள்ளைகளுக்காகச் செஞ்சது. அவன் பாஷையில பாலுக்கும் பூனைக்கும் உள்ள சொல்லு வாக்கியத்துல எங்க வந்தாலும் உருவம் மாறாது. முன்னால ஒரு குட்டிச் சொல்லச் சேர்த்தா வேலை முடிஞ்சுது. நமக்கு அப்படியா? கட்டத்துல ‘வீடு’ன்னு இருக்கறது வாக்கியத்துக்கு வரும்போது ‘வீட்டில்’ ஆகணும். கிண்ணம் கிண்ணத்தில் ஆகணும். ஆறு ஆற்றில், சோறு சோற்றை, மரம் மரத்துக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா உடைஞ்சு சேருது. எட்டு வயசுப் பிள்ளை வெறும் சொல்ல வச்சுக்கிட்டு இதையெல்லாம் தானா சேர்க்கணும்னா முழிக்காம என்ன செய்யும்?

இதுல வேடிக்கை என்னன்னா, பேசும்போது அந்தப் பிள்ளை இதை ஒரு தடவைகூடத் தப்பா சொல்றதில்ல. “பாலப் பாத்தாலே”ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த ‘பால’ங்கிறதுல இரண்டாம் வேற்றுமை உக்காந்திருக்கு. ‘கிண்ணத்துல’ன்னுதான் சொல்லும், எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ‘கிண்ணம்ல’ன்னு சொல்லாது. அதாவது பிள்ளைக்குத் தெரிஞ்ச உருபை நம்ம கட்டம் புடுங்கி வச்சுக்கிட்டு, அப்புறம் அதையே பரீட்சையில கேக்குது.

அதனால தாளை மாத்த வேண்டாம், தலைப்ப மாத்துங்க. பெயர்ச்சொல் இருக்கற இடத்துல கேள்விச் சொல்லப் போடுங்க. யார்? யாருக்கு? எதை? எதில்? எதைக் கண்டு? என்ன செய்தது? ஏன்? நம்ம கேள்விச் சொல்லுக்குள்ளயே உருபு இருக்கு. ‘எதை’ன்னு கேட்டா ‘பாலை’ன்னுதான் பதில் வரும், ‘பால்’னு வராது. ‘எதில்’னு கேட்டா ‘கிண்ணத்தில்’. கட்டத்துக்குள்ள விழுற சொல்லே வாக்கியத்துக்குத் தயாரா விழும். அதை வரிசையா எடுத்து வச்சா: தெனாலிராமன் / பூனைக்கு / சூடான பாலை / கிண்ணத்தில் / வைத்தான். கடைசிக் கட்டம் எப்பவும் வினை. நம்ம வாக்கியம் முடியற இடம் அதுதான்னு பிள்ளைக்குக் கண்ணாலயே புரிஞ்சிரும், இலக்கணம் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

ஆனா இத நீங்க ஜெராக்ஸ் எடுத்துக் கையில குடுத்த உடனே நடக்காது. முதல்ல வாய். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து கதையச் சொல்லணும். அப்புறம் நீங்க ஒருத்தர எழுப்பிச் சொல்ல வச்சு, அவங்க சொன்ன மாதிரியே கரும்பலகையில இடது பக்கம் எழுதணும். “பூன பாலப் பாத்து ஓடிருச்சு.” பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும், டீச்சர் எழுதினதுல தான் பேசுற பேச்சு இருக்குன்னு பார்க்கறது அதுகளுக்குப் பெரிய விஷயம். வலது பக்கம், இதையே புத்தகத்துல எப்படி எழுதுவாங்கன்னு கேளுங்க. பாலப் பாத்து – பாலைப் பார்த்து. ஓடிருச்சு – ஓடிவிட்டது. ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியம் இப்படிப் பண்ணாப் போதும். நம்ம பிள்ளைகளுக்கு எழுத்து வேலைன்னா பாதி இந்த மாத்துற வேலைதான். நெட்டுல எறக்குற எந்தத் தாள்லயும் இதுக்கு ஒரு கட்டம் இருக்காது, ஏன்னா அதைச் செஞ்சவனுக்கு இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இல்லை.

இன்னொண்ணு. அந்த நெட்டுத் தாள்கள்ல ‘முதலில், அடுத்து, பிறகு, இறுதியில்’னு நாலு பெட்டி இருக்கும். அதைப் பார்த்து எழுதுற பிள்ளை, “முதலில் தெனாலிராமன் பாலை வாங்கினான். அடுத்து அவன் பாலைக் காய்ச்சினான். பிறகு அவன் கிண்ணத்தில் ஊற்றினான்”னு எழுதும். கதை சொல்ற பாட்டி யாராச்சும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பாலைக் கறந்து, காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி, பூனையைப் பிடித்து அதன் முன்னால் வைத்தான். ஒரே மூச்சு. தமிழ்ல வரிசைங்கறது வினையெச்சத்துல ஓடுது. அதனால நான் பெட்டிக்குப் பதிலா ரயில் வண்டி வரைவேன். ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு செயல்: கறந்து, காய்ச்சி, ஊற்றி. கடைசிப் பெட்டி மட்டும் கார்டு பெட்டி, அங்கதான் முற்று: வைத்தான். ‘கறந்தான்’னு நடுப்பெட்டியில எவனாவது எழுதிட்டா, “டேய், நடு வழியில கார்டு எறங்கிட்டாருடா”ன்னு பக்கத்துப் பையனே கத்துவான்.

ரெண்டாம் கிளாஸ் அப்பாவுக்கு: கலர் அடிக்கிற தாளப் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா எல்லாத் தாளையும் தூக்கிப் போட நான் சம்மதிக்க மாட்டேன். கெ-கே, கொ-கோ குழப்பம், ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா, ர-ற, ல-ள-ழ, ந-ன-ண, இதெல்லாம் கை பழகற விஷயம். 247 எழுத்து. அதுக்குத் தாள் வேணும், திரும்பத் திரும்ப வேணும், கதைப் புத்தகம் மட்டும் படிச்சு அது வராது. கை பழகறதுக்கு ஒர்க்‌ஷீட் குடுங்க. யோசிக்கிறதுக்குக் கட்டம் வெறுமையா இருக்கணும், மேல சொல் பட்டியல் இருக்கக் கூடாது. அந்த அஞ்சாவது கோட்டுல மிச்சச் சொல்லப் போடுற பையன் சோம்பேறி இல்ல. குறைச்ச வேலையில பதில் வர்ற வழியக் கண்டுபிடிச்சிருக்கான். தாள்தான் அவனுக்கு அந்த வழியத் திறந்து விட்டுச்சு.

இதெல்லாம் புதுசுன்னு யாரும் நினைக்க வேண்டாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003 வாக்குல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றல் 2007-08ல மாநிலம் முழுக்க வந்தப்ப எங்க பள்ளியில எதுக்கு அப்புறம் எதப் படிக்கணும்னு காட்டுற ஏணிப்படி, அட்டை, கம்பிப்பந்தல் எல்லாம் வந்துச்சு. பிள்ளை வேலையக் கம்பியில தொங்க விடணும். சுவர்ல பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு பாகம். அட்டைய மறந்தாலும் அந்தக் கீழ்ப் பலகைய நான் மறக்க மாட்டேன். இப்பவும் பல பள்ளியில அது சும்மாதான் கெடக்கு, பெயின்ட் அடிச்சு மறைச்ச இடமும் உண்டு. உங்க பள்ளியில இருந்தா, உங்க ஜெராக்ஸ் செலவு மிச்சம். பிள்ளையே சாக்பீஸால கட்டம் போட்டு, எழுதி, அழிச்சு, திரும்ப எழுதலாம். தாள்ல அழிச்சா கிழியும், பலகையில அழிக்கறதுக்கு யாரும் பயப்படறதில்ல.

6, 7, 8 வகுப்புக்குப் படைப்பாற்றல் கல்வின்னு வந்தப்ப மனவரைபடம் கட்டாயம். பாடத்தப் படி, மனவரைபடம் போடு, தொகுத்து எழுது. நல்ல யோசனைதான். ஆனா எல்லாப் பாடத்துக்கும் ஒரே படம்: நடுவுல ஒரு வட்டம், சுத்திலும் கோடு. வரலாறா, வட்டமும் கோடும். செய்யுளா, வட்டமும் கோடும். பாசிப்பயறு முளைக்கிறதா, அதுக்கும் அதே. முளைக்கிறதுக்கு ஒரு வரிசை இருக்கு, அதைப் போயி சுத்தி வச்சா முளை முதல்லயா வேர் முதல்லயான்னு எப்படித் தெரியும்? படத்தோட உருவம் பாடத்தோட உருவத்துக்குப் பொருந்தணும். உங்க பூனைக் கதையில உயிரு இடத்துலயோ பாத்திரத்துலயோ இல்லை, ‘ஏன்’ல இருக்கு. பூனை ஏன் ஓடுச்சு? பால் சுட்டதால. பால் ஏன் சூடா இருந்துச்சு? அவன் வேணும்னே வச்சதால. ‘ஏன்’ கட்டம் ஒண்ணு இல்லாத தாள் இந்தக் கதைக்கு ஆகாது.

டயட் மாணவி எழுதியது:

மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டில், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான டி.எல்.எட். பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு விஷயம் சேர்க்கலாமா? நாங்கள் படித்ததில் டேவிட் ஆசுபெல் 1960இல் சொன்ன முன் அமைப்பான், அதாவது புதுப் பாடத்தை ஏற்கெனவே தெரிந்ததோடு இணைக்கும் முன்னோட்டம், பாடத்துக்கு முன்னால் கொடுப்பது. டோனா ஓகிள் 1986இல் எழுதிய மூன்று பத்தி அட்டவணையும் அப்படித்தான், எனக்குத் தெரிந்தது, தெரிந்துகொள்ள விரும்புவது, தெரிந்துகொண்டது. முதல் இரண்டு பத்தியும் வாசிக்கும் முன்பே நிரப்ப வேண்டியவை. நாம் பெரும்பாலும் பாடம் முடிந்தபின் சோதனை மாதிரி இந்தத் தாள்களைக் கொடுக்கிறோமோ என்று தோன்றுகிறது. கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் தூக்கணாங்குருவி பாடத்துக்கு இந்த அட்டவணையைப் போட்டேன். முதல் பத்தி நிரம்பி வழிந்தது. நடுப் பத்தி காலி. “உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?” என்றால் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

அது காலியா இருந்ததுல ஆச்சரியம் இல்லம்மா. உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு அதுகள யாரும் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. ஒரு கூட்டைக் கையில கொண்டு போயிருந்தா நடுப் பத்தி நிரம்பியிருக்கும். உள்ள வழி எது, மழை பெஞ்சா ஒழுகாதா, இது கிணத்துக்கு மேலயே ஏன் தொங்குதுன்னு கேள்வி கொட்டும். கேள்வி பொருளப் பார்த்து வரும், பத்தியப் பார்த்து வராது.

பினாங்கு ஆசிரியை எழுதியது:

வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 3க்குத் தமிழ்மொழி போதிக்கிறேன். இங்கு ஐ-திங்க் திட்டத்தின்வழி எட்டு சிந்தனை வரைபடங்களைப் பயன்படுத்துகிறோம். அமெரிக்கரான டேவிட் ஹையர்லே உருவாக்கியவை. வட்டம், குமிழி, இரட்டிப்புக் குமிழி, மரம், இணைப்பு, நிரலொழுங்கு, பல்நிலை நிரலொழுங்கு, பாலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை மட்டும். விவரிக்கக் குமிழி, ஒப்பிட இரட்டிப்புக் குமிழி, வகைப்படுத்த மரம், காரணமும் விளைவும் சொல்லப் பல்நிலை நிரலொழுங்கு. ஐயா சொன்ன ‘படத்தின் உருவம் பாடத்துக்குப் பொருந்த வேண்டும்’ என்பதற்கு இது நேரான வழி.

பூனைக் கதைக்கு நான் பல்நிலை நிரலொழுங்கைத் தேர்ந்தெடுப்பேன். நடுவில் ‘பூனை பாலைக் கண்டு ஓடியது’. இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள். அம்புக்குறியின் மேல் இணைப்புச் சொல்லையும் எழுதிவிடுவேன். இடப்பக்க அம்பில் ‘ஆனதால்’, வலப்பக்க அம்பில் ‘ஆகவே’. கட்டத்தில் இருப்பதை மட்டும் எழுதும் மாணவர்கள் அம்புக்குறியை எழுதுவதே இல்லை. அது கோடு என்று விட்டுவிடுகிறார்கள். சொல்லாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

எங்கள் சிக்கல் வேறு. மாணவர்கள் வரைபடத்தை மிக அழகாக வரைகிறார்கள். நாணயத்தை வைத்து வட்டம், அடிக்கோலால் கோடு, ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு வண்ணம். வௌவாலையும் காகத்தையும் ஒப்பிடும் பாடத்தில் ஒரு மாணவன் இரட்டிப்புக் குமிழியை வண்ணமிட்டு முடிக்கும்போது பாட வேளை முடிந்துவிட்டது. இரண்டுக்கும் பொதுவானதை எழுத வேண்டிய நடுக் குமிழியில் ‘பறக்கும்’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. இப்போது என் வகுப்பில் வரைபடத்துக்குப் பென்சில் மட்டும், கைவரைவாக. வௌவால் பாடத்தில் சுவையான பகுதி நடுக் குமிழிதான். ‘முட்டையிடும்’ என்பதை நடுவில் போடலாமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று தெரிந்தவள் ஒருத்தி, மற்றவர்கள் நம்பவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு அவர்கள் எழுதிய வாக்கியங்கள் நீளமாக இருந்தன. “இரண்டும் பறக்கும், ஆனால் வௌவால் முட்டையிடாது, குட்டி போடும்.”

ஐயாவிடம் ஒரு மாற்றுக் கருத்து. மாணவர்களுக்கு வரைபடத்தின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். பெயர் தெரிந்தால் ‘இதற்கு மர வரைபடம் போடலாமா ஆசிரியை?’ என்று அவர்களே கேட்கிறார்கள். படம் தேர்ந்தெடுப்பதே பாதி சிந்தனை அல்லவா?

பழைய வாத்தியார் எழுதியது:

ஆசிரியை சொல்ற வௌவால் சண்டை அருமை. எழுத்து அங்க இருந்துதான் வருது.

பெயர் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன், மன்னிக்கணும். ‘பல்நிலை நிரலொழுங்கு வரைபடம்’னு மூணாம் வகுப்புல ஒரு பேர் படிக்க வச்சா, அடுத்த மாசம் அதுவே ஒரு மார்க் கேள்வியா வரும், “கீழ்க்காண்பது எவ்வகை வரைபடம்?”னு. உங்க ஊர்ல அப்படி ஆகலைன்னா சந்தோஷம். எங்க ஊர்ல எதுக்குப் பேர் வச்சாலும் அது பரீட்சைக்குப் போயிரும். நான் ரயில் படம், மரப் படம், ஏன் படம்னு கூப்பிட்டேன். அதுல பிள்ளையே “சார், இது ஏன் படம் கதை”ன்னு சொன்னான். நீங்க சொல்ற பலன் அதுலயும் வந்துருது.

அம்பு மேல சொல் எழுதறது நல்ல யோசனை.

கரிசல் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் அறையில் கீழ்ப் பலகை இருக்கிறது, மேலே 1 முதல் 100 வரை எண் அட்டை ஒட்டி மறைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட்டு நேற்று கேள்விச் சொல் கட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். வேறு கதை, ‘குரங்கும் முதலையும்’. அதே பெண்பிள்ளை எழுதியது: “குரங்கு முதலைக்கு நாவல் பழத்தைக் கொடுத்தது. முதலை பழத்தை மனைவிக்குக் கொடுத்தது. முதலையின் மனைவி குரங்கின் ஈரலைக் கேட்டது.” நான் இதயம் என்றுதான் சொன்னேன், ஈரல் அவள் வீட்டுச் சமாச்சாரம்! ஆனால் பழத்தை, மனைவிக்கு, குரங்கின் எல்லாம் உருபோடு விழுந்திருக்கிறது. அடுத்த வாக்கியத்துக்கு ‘எங்கே’ கட்டத்தில் ‘ஆறில்’ என்று எழுதியிருந்தாள். வாயால் சொல்லச் சொன்னதும் “ஆத்துல” என்றாள், பிறகு அவளே அழித்துவிட்டு ‘ஆற்றில்’ என்று போட்டாள்.

இரண்டு சந்தேகம் பாக்கி. அரும்பு நிலையில் இன்னும் எழுத்துக் கூட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் கட்டம் போடும்போது அவர்கள் சும்மா இருக்கிறார்கள், அவர்களுக்கு இதில் இடம் உண்டா? அடுத்து, ஆய்வுக்கு வருகிறவர்கள் ஃபைல் கேட்பார்கள். பலகையில் எழுதி அழித்தால் நான் எதைக் காட்டுவது?

பழைய வாத்தியார் எழுதியது:

‘கேட்டது’ மட்டும் இல்ல, நீங்க கதைய எப்படிச் சொல்றீங்களோ அதைப் பொறுத்து ‘கேட்டாள்’னும் வரலாம். ஆனா இப்ப அதத் திருத்தாதீங்க. முதலை அஃறிணைன்னு அது யோசிச்சுத்தான் எழுதியிருக்கு.

அரும்புப் பிள்ளைகள எழுதுறவங்க கூடவே உக்கார வைங்க. அவங்க கட்டத்துக்குள்ள படம் போடட்டும். ‘எதை’ கட்டத்துல ஒரு நாவல் பழம், ‘எங்கே’ல ரெண்டு வளைவுக் கோடு, ஆறு. அப்புறம் ஒவ்வொரு கட்டமா விரல வச்சு அந்தப் பிள்ளை வாக்கியமாச் சொல்லணும், பக்கத்துல இருக்கற மலர் பிள்ளை அத எழுதணும். எழுதினத ரெண்டு பேரும் விரல் வச்சுச் சேர்ந்து வாசிக்கணும். தான் சொன்ன வாக்கியத்த வாசிக்கறப்ப எழுத்துக் கூட்டாத பிள்ளைகூட ‘பழத்தை’ எதுன்னு கண்டுபிடிச்சிரும், ஏன்னா அது எத்தனாவது சொல்லுன்னு அதுக்குத் தெரியும். அதுல இருந்து ‘ப’வ எடுங்க. அட்டையில இருக்கற ‘பட்டம், பந்து’ அப்புறம் வரட்டும்.

கட்டத்த எப்ப எடுக்கறதுன்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. ஒரு பிள்ளை கட்டத்த நிரப்பாமலே எழுத ஆரம்பிச்சா விட்டுருங்க. ‘முதல்ல கட்டத்த நிரப்பு’ன்னு திருப்பி அனுப்பாதீங்க. மத்தவங்களுக்குப் பலகையில கேள்விச் சொல்ல மட்டும் எழுதிட்டுக் கட்டத்த அழிச்சிருங்க. அப்புறம் கேள்விச் சொல்லும் வேண்டாம், அஞ்சு விரல் இருக்கு: யார், யாருக்கு, எதை, எங்கே, என்ன செய்தது. எழுதிட்டு விரல மடக்கிப் பார்க்கட்டும், எது மடங்கலையோ அது வாக்கியத்துல இல்ல.

ஃபைலுக்கு: கட்டுரை நோட்டைத் தொறந்தா ரெண்டு பக்கம். இடது பக்கம் கட்டம், பென்சில்ல, பிள்ளையே கோடு போட்டது. வலது பக்கம் எழுத்து. தேதி போடுங்க. பலகையில பழகறதப் பலகையிலயே விட்டுருங்க, வாரத்துக்கு ஒண்ணு மட்டும் நோட்டுக்கு வந்தாப் போதும். சிவப்பு மையில எல்லாத் தப்பையும் திருத்த வேண்டாம், அந்த வாரம் எது சொல்லிக் குடுத்தீங்களோ அத மட்டும் திருத்துங்க. ஆய்வுக்கு வர்றவர் ஜூன் மாசப் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா அவருக்கே தெரியும். ஒர்க்‌ஷீட் கட்டுதான் வேணும்னு அடம் பிடிச்சார்னா, பயிற்சி நூல் இருக்கே, அதக் குடுங்க.

அந்த எண் அட்டையத் தூக்கிப் போட்டுராதீங்க. சன்னலுக்கு மேல ஒட்டிருங்க.